கல்கத்தா மைதானமும் ஒரு பிரேசில் பந்தாட்டக்காரரும்

கல்கத்தா மாநகரின் நடுவே, ஹூக்ளி ஆற்றின் கீழ்க்கரையில், கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும் பசுந்திடலை அவ்வூரார் 'மைதான்' என்று அழைக்கின்றனர். 'கடேர் மாட்', அதாவது கோட்டைத் திடல், என்பது அதன் பழைய பெயர். 1757-இல் பிளாசிப் போரில் வென்ற ஆங்கிலேயர், புதியதொரு வில்லியம் கோட்டையை எழுப்பத் தொடங்கினர். பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாயவேண்டும் என்பதற்காகக் கோட்டையைச் சுற்றியிருந்த காட்டை அழித்தனர்; அங்கிருந்த கோவிந்தபூர் என்னும் சிற்றூரையும் அகற்றினர். குண்டு பாய்வதற்கென வெட்டிய வெளியில் இன்று பந்து பாய்கின்றது. நகரின் பெயர் 2001-இல் கொல்கத்தா என்று மாறிற்று. மைதானின் உரிமையோ இன்றளவும் இராணுவத்திடமே உள்ளது. நிலைத்த கட்டடம் எழுப்ப எளிதில் இசைவு கிடைப்பதில்லை. ஆதலால் பேர்பெற்ற பந்தாட்டக் கழகங்களின் இல்லங்கள்கூட, சுவரும் கூரையும் பெற்றுவிட்ட பிறகும், 'டென்ட்' என்றே வழங்குகின்றன. கூடாரத்தில் வாழ்ந்த நம் முதுபெரும் தந்தை ஆபிரகாம் நினைவுக்கு வருகின்றார் அன்றோ!

நாம் கல்கத்தாவுக்குச் சென்றது பந்தாட்டம் காண்பதற்காக அன்று. புனித அன்னை தெரேசாவின் கல்லறையருகே முழந்தாளிட்டுச் செபிக்க வேண்டும் என்ற நெடுநாள் ஆவலே நம்மை ஹௌரா மெயிலில் ஏற்றியது. ஆயினும் புறப்படுமுன் நம் பங்கு இளைஞர்கள் சிலர் நம்மிடம் வந்து, "சாமி, மோகன் பகான் மைதானத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள், பரெட்டோ ஆடிய இடம் அது" என்று கேட்டுக்கொண்டனர். செபமாலை வாங்கி வரும்படி கேட்டவர்களைவிட இவர்களே அதிகம் என்பதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்!

அன்னையின் இல்லத்தில் காலைத் திருப்பலி நிறைவேற்றிய பின், டிராம் ஓடும் தெருக்களைக் கடந்து மைதானை அடைந்தோம். பனி இன்னும் விலகவில்லை. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள், சிலர் காலணியோடும் சிலர் வெறுங்காலோடும், பந்தை விரட்டி ஓடினர். டென்ட் ஒன்றின் உணவுக்கூடத்தில் ஸ்ட்யூவும் டோஸ்டும் கொடுத்தனர். காய்கறியும் இறைச்சித் துண்டும் மிதக்கும் அந்த இளஞ்சாறு ஆட்டக்காரர்களின் காலையுணவாம். மிளகு தூக்கலாக இருந்தால் நம் நாவுக்கு ஏற்றதாயிருக்கும்.

மைதானின் கழகங்களுள் மூன்று பெரியவை. மோகன் பகான் 1889-இலும், முகமதன் ஸ்போர்ட்டிங் 1891-இலும், ஈஸ்ட் பெங்கால் 1920-இலும் தோன்றியவை. மோகன் பகானின் நிறம் பச்சையும் மெரூனும். ஈஸ்ட் பெங்காலின் நிறம் சிவப்பும் பொன்னும். நாட்டுப் பிரிவினையின்போது கிழக்கு வங்கத்தில் வீடு வாசலை இழந்து வந்த ஏதிலியர், ஈஸ்ட் பெங்கால் கழகத்தைத் தம் இழந்த மண்ணாகவே எண்ணினர். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இல்லங்களில் இல்லிஷ் மீன் குழம்பு கொதிக்கும். மோகன் பகான் வென்றால் இறால். மீன்கடைக்காரருக்கு எவர் வென்றாலும் வருவாய்தான்!

1911 ஜூலை 29 அன்று, மோகன் பகான் அணி ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்றது. ஆண்டவனை எதிர்த்து அடிமை வென்ற அந்நாள் விடுதலை இயக்கத்துக்கே ஊட்டமளித்தது என்பர். பதினொருவருள் பதின்மர் வெறுங்காலோடு ஆடினர். காலணி அணிந்திருந்தவர் ஒருவரே. அவர் சுதிர் சட்டர்ஜி. வங்கக் கிறிஸ்தவரான அவர் பின்னாளில் திருச்சபை ஊழியராகி 'ரெவரெண்ட்' என அழைக்கப்பட்டார். நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர் எனினும், இச்செய்தியைக் கேட்டபோது நமக்குள் சிறு பெருமிதம் எழுந்ததை மறைப்பானேன்?

இத்தகைய ஊருக்குப் பிரேசில் நாட்டின் மீது மோகம் பிறந்ததில் வியப்பில்லை. 1977 செப்டம்பர் 24 அன்று பெலே, நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு வந்து, மழையில் நனைந்த ஈடன் தோட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராக ஆடினார். ஆட்டம் 2-2 என்று சமநிலையில் முடிந்தது. பெலே கோல் அடிக்கவில்லை. ஆயினும் அவரைக் கண்ட கண்கள் என்று தம் கண்களைத் தொட்டுக் காட்டும் முதியவர்கள் இன்றும் அவ்வூரில் உள்ளனர். உலகக் கோப்பை நடைபெறும் மாதத்தில் சந்துகளெல்லாம் பிரேசிலின் மஞ்சள் கொடிகளாலும் அர்ஜென்டினாவின் நீலக் கொடிகளாலும் நிறைந்துவிடுமாம்.

பெலே ஒரு நாள் விருந்தினர். நம் இளைஞர்கள் குறிப்பிட்ட பரெட்டோவோ கூலிக்கு உழைக்க வந்தவர். ஜோசே ராமிரெஸ் பரெட்டோ 1976-இல் பிரேசிலின் தென்கோடியிலுள்ள போர்ட்டோ அலெக்ரே நகரில் பிறந்தார். 'மகிழ்ச்சித் துறைமுகம்' என்பது அந்நகர்ப் பெயரின் பொருள். பதினெட்டாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசரின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறி வளர்த்த ஊர் அது. குவைபா நீர்ப்பரப்பின் கரையில் உள்ளது. ஆண்டுதோறும் பிப்ரவரி 2 அன்று 'கடலோடிகளின் அன்னை'யின் திருவுருவத்தை மக்கள் பெருந்திரளாகப் பவனியாக எடுத்துச் செல்கின்றனர். அந்நகரில் கிரேமியோ, இன்டர்நேசியோனல் என்னும் இரு பெருங்கழகங்கள் உள்ளன. ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆக, பரெட்டோவுக்குக் கல்கத்தாவின் பிளவு புதுமையாக இருந்திராது.

அங்கே பிறந்த ஒருவர் ஏன் வங்கத்துக்கு வரவேண்டும்? பிரேசில் என்றவுடன் நம் இளைஞர்கள் பொன்னும் புகழும் கொழிக்கும் ஆட்டக்காரர்களையே எண்ணுகின்றனர். உண்மை வேறு. அந்நாட்டில் பந்தாட்டத்தைத் தொழிலாகப் பதிவு செய்துகொண்டவர்கள் பல்லாயிரவர். அவர்களுள் பெரும்பாலோர் பெறுவது சாதாரணத் தொழிலாளியின் ஊதியமே. ஆண்டின் முதல் சில மாதங்களில் நடைபெறும் மாநிலப் போட்டிகள் முடிந்ததும் சிறு கழகங்கள் பல ஆட்டக்காரர்களை விடுவித்துவிடும். எஞ்சிய மாதங்களுக்கு அவர்கள் வேறு பிழைப்புத் தேட வேண்டும். அதுவுமன்றி, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைப் பழைய கழகமே கட்டிவைத்திருக்கும் 'பாஸே' என்றொரு முறையும் இருந்தது. பெலே விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்து உருவாக்கிய 1998-ஆம் ஆண்டுச் சட்டம், அவர் பெயராலேயே வழங்குவது, அம்முறையை ஒழிக்க வழி செய்தது. விடுதலை கிடைத்தது, வேலை கிடைத்ததா என்பது வேறு கேள்வி. ஜப்பான், சவூதி, உக்ரைன், வியட்நாம் என்று உலகின் எம்மூலையிலும் ஊதியம் தரும் கழகம் ஒன்று இருந்தால், அங்கே ஒரு பிரேசில்காரர் பெட்டியோடு வந்து இறங்குவார். மலைநாட்டுத் தேயிலைக்கும் வளைகுடா எண்ணெய்க்கும் ஆட்களை அனுப்பிய நமக்கு இது விளங்காத செய்தி அன்று.

பரெட்டோ 1999-இல் மோகன் பகானுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்றளவே. அந்தப் பருவத்திலேயே தேசிய லீக் கோப்பை மோகன் பகானுக்கு வந்தது. 2001-02-இல் மீண்டும் வந்தது. பச்சை உடையில் பறந்தாடிய அவருக்கு மக்கள் 'சபுஜ் தோத்தா' என்று பெயர் சூட்டினர். பச்சைக் கிளி என்று பொருள். 2004-இல் கிளி கிளை மாறிற்று. நம்மவர் பலர் வாழும் மலேசியாவின் பினாங்கு அணிக்குச் சென்றார். பின்னர் மும்பையின் மகிந்திரா யுனைடெட் அணியில் சேர்ந்து 2005-06-இல் அவர்களுக்கும் தேசிய லீக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். 2006-இல் மீண்டும் கல்கத்தா. அதன்பின் ஆறு ஆண்டுகள். அக்கழகத்துக்காக அவர் இருநூறு கோல்களுக்கு மேல் அடித்தார். 2012-இல் அவர் விடைபெற்றபோது சால்ட் லேக் அரங்கில் வளர்ந்த ஆண்கள் விம்மி அழுதனர். பிறகும் அவர் ஊரை விட்டுப் போய்விடவில்லை. பவானிபூர் என்னும் சிறிய கழகத்துக்காக மேலும் சில காலம் ஆடினார்.

கழக வாயிலில் தேநீர் விற்கும் பெரியவர் ஒருவரிடம் நம்முடன் வந்த இளங்குரு, தமக்குத் தெரிந்த சிறிதளவு இந்தியில், "பரெட்டோவைப் பார்த்திருக்கிறீர்களா, தாதா?" என்று வினவினார். அவர் கெண்டியைக் கீழே வைத்துவிட்டே பதில் சொன்னார். கோல்களைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. "தோற்ற நாளிலும் தலை நிமிர்ந்து வெளியே வருவார். எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டே போவார். வேறு சிலர் பின்வாயிலால் போய்விடுவார்கள்" என்றார். கூலிக்கு மாரடிப்பவர் என்று வந்தேறி ஆட்டக்காரர்களை ஏளனம் செய்வது எளிது. கூலி வாங்கிக்கொண்டு நேர்மையாக மாரடிப்பதும் ஓர் அறமே என்பது நம் கருத்து. பங்கில் மணியடிக்கும் உபதேசியாரும் கூலி பெறுகின்றவர்தாம்.

மொழி தெரியாத ஊரில் அவர் எவ்வாறு காலம் தள்ளினார் என்று நம் வாசகர் கேட்கக்கூடும். இங்கே ஓர் இனிய செய்தி உண்டு. பிரேசிலின் மொழி போர்த்துக்கீசியம். அம்மொழியில் 'ஷாவி' என்றால் சாவி. 'ஜனெலா' என்றால் ஜன்னல். 'அர்மாரியோ' என்றால் அலமாரி. வங்காளியர் 'சாபி', 'ஜானாலா', 'ஆல்மாரி' என்கின்றனர். வாளி அவர்களுக்கு 'பால்தி', அதுவும் போர்த்துக்கீசியமே. கோயிலை வங்கக் கிறிஸ்தவர்கள் 'கிர்ஜா' என்பது 'இக்ரேஜா' என்பதன் திரிபு. அறைக்குள் நுழைந்து கதவைத் திறந்து ஜன்னலைச் சாத்துமட்டும் பிரேசில்காரர் வங்கத்தில் அந்நியர் அல்லர்! நானூறு ஆண்டுகளுக்கு முன் பாய்மரக் கப்பலில் வந்தவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் இவை.

பரெட்டோவின் கதை மனநிறைவோடு முடிந்த கதை. மற்றொன்றையும் சொல்லவேண்டும். கிறிஸ்தியானோ ஜூனியர் என்ற இளைஞரும் பிரேசிலிலிருந்து வந்தவரே. 2003-04 பருவத்தில் ஈஸ்ட் பெங்கால் தேசிய லீக் கோப்பையை வென்றபோது 15 கோல்களுடன் போட்டியிலேயே முதலிடம் பெற்றார். மறு ஆண்டு கோவாவின் டெம்போ கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 2004 டிசம்பர் 5, திருவருகைக்கால ஞாயிறு. பெங்களூர் கண்டீரவா அரங்கில் ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டம். எதிரணி மோகன் பகான். முதல் கோலை அவரே அடித்திருந்தார். இரண்டாவது கோலுக்காகப் பந்தை உதைத்த அதே நொடியில், முன்னேறி வந்த கோல் காப்பாளரோடு மோதிச் சாய்ந்தார். பந்து வலைக்குள் சென்றது. அவர் எழவில்லை. சக ஆட்டக்காரர்கள் வாயோடு வாய் வைத்து மூச்சளித்தனர். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டும் பயனில்லை. வயது 25. டெம்போ 2-0 என்று வென்றது. கோப்பையை வாங்கியவர்களின் முகத்தில் மகிழ்ச்சி எங்கிருந்து வரும்? அவர் அணிந்த 10-ஆம் எண் உடையை இனி எவருக்கும் தருவதில்லை என்று அக்கழகம் முடிவு செய்தது.

ஆட்டத் திடலில் தக்க மருத்துவ உதவி ஆயத்தமாக இருந்ததா என்ற கேள்வி அப்போது நாடெங்கும் எழுந்தது. எழவேண்டிய கேள்வியே. பல்லாயிரம் மைல் கடந்து வந்த ஒருவரை உழைக்க வைப்போர், அவர் விழுந்தால் தூக்குவதற்கு நான்கு பேரையும் ஒரு வண்டியையும் வைத்திருக்க வேண்டாமா? இதனை நாம் பெரிய கழகங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. பங்குத் திருவிழாவையொட்டி நாமும் பந்தாட்டப் போட்டி நடத்துகின்றோம். கொடி, தோரணம், ஒலிபெருக்கி, வெற்றிக் கோப்பை எல்லாவற்றுக்கும் நன்கொடைச் சீட்டு அச்சிடுகின்றோம். முதலுதவி அறிந்த ஒருவரைத் திடலோரம் உட்கார வைத்த பங்குகள் எத்தனை?

மோதிய காப்பாளரையும் மறந்துவிடுதல் ஆகாது. அந்த மோகன் பகான் இளைஞருக்கு அன்று பதினெட்டு வயதுகூட நிறையவில்லை. வேண்டுமென்றே செய்தார் என்று நாம் கருதவில்லை. ஆயினும் ஏச்சும் பேச்சும் அவரைத் துரத்தின. ஓர் உயிரின் சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒரு சிறுவன் எவ்வாறு மீண்டும் கோலடியில் நின்றிருப்பான் என்று எண்ணினால் நெஞ்சு கனக்கின்றது. அவர் நின்றார். பின்னர் இந்திய நாட்டின் காப்பாளராக உயர்ந்து, 2011-இல் கத்தாரில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் எதிரணிகளின் பந்துகளைத் தடுத்து நாடு போற்றும் பெயர் பெற்றார்.

'என் மகனைப் பந்தாட்டத்துக்கு அனுப்பலாமா, சாமி?' என்று பெற்றோர் நம்மிடம் கேட்பதுண்டு. குமரிமாவட்டக் கடற்கரையின் நம் மீனவ ஊர்களில் இக்கேள்வி மிகுதி. அலையோரத்து மணலில் பந்து உதைத்தே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் அவ்வாறு வளர்ந்தவர். 2019-20-இல் கல்கத்தாவின் ஏ.டி.கே. அணி இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றபோது அதில் ஆடினார். மறு பருவத்தில் ஏ.டி.கே.யும் மோகன் பகானும் இணைந்தன. அந்தப் பச்சை மெரூன் உடையில் 2020 நவம்பரில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டது. அந்தப் பருவம் முழுவதும் ஆட இயலாது போயிற்று. பிறகு தேறி எழுந்து ஒடிசா அணிக்கும் ஆடினார். மன உரம் படைத்தவர், ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் முழங்காலும் அவ்வாறு தேறிவிடும் என்று எவர் உறுதி கூறுவார்? ஆகையால், கேட்கும் பெற்றோரிடம் நாம் தடை சொல்வதில்லை. ஒப்பந்தத் தாளைக் கொண்டுவாருங்கள் என்கிறோம். எத்தனை மாதம், அடிபட்டால் மருத்துவச் செலவு எவருடையது, ஊதியம் நின்றால் எங்கே முறையிடுவது, இவை அத்தாளில் உள்ளனவா என்று பார்க்கிறோம். பள்ளியிறுதிச் சான்றிதழை வாங்கிவிட்டானா என்றும் கேட்கிறோம். இந்தக் கடைசிக் கேள்விதான் பையன்களுக்குப் பிடிப்பதில்லை.

மறுநாள் ஹௌராவிலிருந்து மின்தொடர் வண்டியில் ஒருமணி நேரத்தில் பாண்டேல் சேர்ந்தோம். 1599-இல் போர்த்துக்கீசர் எழுப்பிய செபமாலை அன்னையின் ஆலயம் அங்கே உள்ளது. 1632-இல் ஷாஜகானின் படை ஹூக்ளியைத் தாக்கியபோது அது தகர்க்கப்பட்டது. 1660-இல் மீண்டும் கட்டப்பட்டது. தாக்குதலின்போது அன்னையின் சுரூபத்தைக் காக்க எண்ணிய வணிகர் ஒருவர் அதனைத் தழுவியவாறே ஆற்றில் குதித்தார் என்பதும், ஆண்டுகள் பல சென்றபின் ஆற்றங்கரையில் அச்சுரூபம் மீண்டும் கிடைத்தது என்பதும் அவ்வூர் மரபு. வங்கக் கடலில் புயலில் சிக்கித் தப்பிய கப்பல் தலைவர் ஒருவர், நேர்ச்சையாகத் தம் பாய்மரத்தையே கழற்றி ஆலயத்துக்குக் கொடுத்தாராம். நம் வேளாங்கண்ணியில் புயலுக்குத் தப்பிய போர்த்துக்கீச மாலுமிகளின் வரலாறு இதனோடு உடன்பிறந்தது போன்றிருக்கிறது. 1988-இல் இவ்வாலயம் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. 1928 முதல் இதனைப் பேணிவருபவர்கள் தொன்போஸ்கோவின் சலேசியச் சபையினர். செபமும் படிப்பும் பந்தும் ஒரே முற்றத்தில் இருக்கலாம் என்று காட்டிய புனிதரின் மக்கள் அவர்கள்.

படியேறி மாடத்துக்குச் சென்றால் அங்கே அன்னை நிற்கின்றாள். 'நற்பயண மாதா' என்பது அவள் பெயர். கீழே ஹூக்ளி ஓடுகின்றது. போர்ட்டோ அலெக்ரேயின் கடலோடிகளின் அன்னையும் இவளே. பெயரில்தான் சிறு வேறுபாடு. பக்தர்கள் ஏற்றிய மெழுகுதிரிகள் காற்றில் சாய்ந்தும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தன.

நாம் மூன்று திரிகள் வாங்கினோம். ஒன்றைப் பெங்களூரில் விழுந்த அந்த இளைஞரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஏற்றினோம். மற்றொன்றை அவரோடு மோதியவருக்காக ஏற்றினோம். மூன்றாவதை, நம் பங்கிலிருந்து இவ்வாண்டு வெளிமாநிலக் கழகம் ஒன்றுக்கு ஆடச் சென்றிருக்கும் பையனின் பெயரைச் சொல்லி இளங்குரு ஏற்றினார். காற்று பலமாக இருந்ததால் அத்திரி இருமுறை அணைந்தது. மூன்றாம் முறை பற்றிக்கொண்டது. பிற்பகல் வண்டிக்கு நேரமாகிவிட்டிருந்தபடியால் விரைந்து படியிறங்கினோம்.